சமைத்த உணவை ஃப்ரீசரில் வைப்பதற்கு முன்

கேள்வி: வேலைக்குச் செல்வதால் வாரத்தில் ஒரு நாள் பெரிய பாத்திரத்தில் இறைச்சிக் குழம்பும் சோறும் மொத்தமாகச் சமைத்து வைத்துக்கொள்கிறேன். சூடாக ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்பார்கள் என்பதால், இரவு முழுவதும் மூடி அடுப்பின் மேலேயே ஆறவிட்டு, காலையில் ஒரு கொதி விட்டு, டப்பாக்களில் ஊற்றி ஃப்ரீசரில் வைக்கிறேன். சென்ற வாரம் அப்படி வைத்த குழம்பைக் காலையில் வெளியே எடுத்து வைத்து, மதியம் லேசாகச் சூடாக்கிச் சாப்பிட்டோம். சுமார் 10 மணி நேரம் கழித்து எனக்கும் 71 வயதான என் மாமியாருக்கும் வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் வந்து, மறுநாள் சரியாகிவிட்டது. காய்ச்சலோ வாந்தியோ இல்லை. கொதிக்க வைத்து, உறையவும் வைத்த உணவில் கிருமி எப்படி இருக்கும்?

பதில்: பரிசோதனை செய்யாமல் உறுதியாகச் சொல்ல இயலாது என்றாலும், நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளும் அவை தோன்றிய நேரமும் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு நன்றாகப் பொருந்துகின்றன. பெரிய பாத்திரத்தில் சமைத்து மெதுவாக ஆறவிட்ட இறைச்சி உணவுதான் இந்தக் கிருமிக்கு மிகவும் உகந்தது.

கொதிக்கும் குழம்பில் இந்தப் பாக்டீரியா இறந்துவிடுகிறது. ஆனால் அதன் வித்துகள், அதாவது கடும் சூட்டையும் தாங்கி உறக்கநிலையில் கிடக்கும் அதன் வடிவங்கள், இறப்பதில்லை. உணவு ஆறத் தொடங்கியதும் அவை விழித்து முளைக்கின்றன. பொதுவாக 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலை கிருமிகள் பெருகும் எல்லை. அதிலும் 45 டிகிரியை ஒட்டிய சூட்டில் இந்தக் கிருமி, சூழல் சாதகமாக இருந்தால், சுமார் 10 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகக்கூடியது. நீங்கள் காலையில் விட்ட கொதி இரவில் பெருகியவற்றைக் கொன்றிருக்கும்; வித்துகளை மீண்டும் விட்டுவைத்திருக்கும். அதன்பின் டப்பாக்களில் ஆறிய நேரமும், வெளியே வைத்து உருகவிட்ட நேரமும் சேர்ந்து அவை பெருக இன்னொரு வாய்ப்பைக் கொடுத்துவிட்டன. லேசான சூடு அவற்றைத் தடுக்கப் போதுமானதாக இருக்கவில்லை.

சோற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். சோற்றில் பெருகும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி, வாந்தியை உண்டாக்கும் ஒரு நச்சை உணவிலேயே சுரந்துவிடும். அந்த நச்சு 121 டிகிரி வெப்பத்துக்கும் அழியாதது. ஆகவே இரவு முழுவதும் வெளியில் இருந்த சோற்றை எத்தனை முறை சூடாக்கினாலும் அது பாதுகாப்பான உணவாக மாறாது.

இனி ஆறவைக்கும் முறைக்கு வருவோம். உங்கள் சிக்கலின் வேர் இங்குதான் இருக்கிறது. பெரிய பாத்திரத்தை இரவில் தொட்டுப் பார்த்தால் வெளிப்புறம் ஆறியதுபோல் இருக்கும். நடுவில் கரண்டியை விட்டுக் கிளறினால் ஆவி எழும். கெட்டியான உணவில் வெப்பம் நடுவிலிருந்து மிக மெதுவாகவே வெளியேறுகிறது. அதே உணவின் ஆழத்தைப் பாதியாகக் குறைத்தால் ஆறும் நேரம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறையும். எனவே அடுப்பிலிருந்து இறக்கியதும், சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாதபடி அகலமான தட்டையான பாத்திரங்களில் பிரித்து ஊற்றுங்கள். பிரிக்க முடியாத அளவு இருந்தால், ஐஸ் கட்டிகள் போட்ட தண்ணீரில் பாத்திரத்தை நிறுத்தி, அடிக்கடி கிளறிவிடுங்கள். முழுமையாக ஆறும்வரை மூடியை இறுக்காமல் சற்றே திறந்து வைத்தால் ஆவி வெளியேறும். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் உணவகங்களுக்கு வகுத்திருக்கும் வரையறை, 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள்ளும் உணவு குளிர வேண்டும் என்கிறது. வீட்டில் இதை இப்படி எளிதாக வைத்துக்கொள்ளலாம்: சமைத்த உணவு 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும், அறையின் வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் 1 மணி நேரத்துக்குள்.

சூடான உணவை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கொதிக்கும் பெரிய பாத்திரத்தை அப்படியே உள்ளே வைத்தால் பக்கத்தில் இருக்கும் உணவுகளும் சூடேறும் என்பது உண்மைதான். ஆழம் குறைந்த பாத்திரத்தில், கைபொறுக்கும் சூட்டில் இருக்கும் உணவை, சுற்றிலும் இடைவெளி விட்டு வைப்பதில் தவறில்லை. இரவு முழுவதும் வெளியே விடுவதோடு ஒப்பிட்டால் அது பல மடங்கு பாதுகாப்பானது.

ஃப்ரிட்ஜில் 4 டிகிரிக்கு வந்த பிறகு ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். உறையும்போது நீரின் கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடும் என்பதால் டப்பாவை விளிம்புவரை நிரப்பாதீர்கள். ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, தேதியை எழுதி ஒட்டுங்கள். மைனஸ் 18 டிகிரியில் கிருமிகள் பெருகுவதில்லை, ஆனால் பெரும்பாலானவை சாவதும் இல்லை. எந்த நிலையில் உள்ளே போயிற்றோ ஏறத்தாழ அதே நிலையில்தான் உணவு வெளியே வரும். இரண்டு மூன்று மாதங்களுக்குள் உண்டுவிட்டால் சுவையும் கெடாது.

வெளியே எடுத்து வைத்து உருகவிடும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடலாம். அவசரமென்றால் மைக்ரோவேவில் உருக்கி உடனே சூடாக்கலாம். எப்படி உருக்கினாலும், உண்பதற்கு முன் உணவின் நடுப்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும். குழம்பு என்றால் கிளறிக் கிளறி நன்றாகக் கொதிக்க வேண்டும். தேவையான அளவை மட்டும் சூடாக்குங்கள்.

உங்கள் மாமியாரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. உங்களுக்கு ஒரு நாள் அசௌகரியமாக முடிவது, அந்த வயதில் நீரிழப்பாகவும் ரத்த அழுத்தக் குறைவாகவும் மாறக்கூடும். இனி எப்போதாவது வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் உப்பு சர்க்கரைக் கரைசலை உடனே தொடங்குங்கள். மலத்தில் ரத்தம், 39 டிகிரியை நெருங்கும் காய்ச்சல், குடிக்கும் நீர் வயிற்றில் தங்காத வாந்தி, சிறுநீர் வெகுவாகக் குறைதல், எழுந்து நின்றால் தலைசுற்றல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், அல்லது வயிற்றுப்போக்கு 3 நாட்களுக்கு மேல் நீடித்தாலும், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முதியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் விஷயத்தில் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்காமல் முதல் நாளே ஆலோசனை பெறுவது நல்லது.

அதே முறையில் சமைத்து இப்போது ஃப்ரீசரில் மீதமிருக்கும் டப்பாக்களை, மணமும் நிறமும் நன்றாக இருந்தாலும், பயன்படுத்த வேண்டாம். இந்தக் கிருமிகளும் நச்சுகளும் உணவின் வாசனையை மாற்றுவதில்லை. சுவைத்துப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. உழைத்துச் சமைத்ததைக் கொட்ட மனம் வராது என்பது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.