வெந்நீர் ஏன் ஆறிவிடுகிறது?

கேள்வி: பள்ளி அறிவியல் போட்டிக்காகத் தெர்மாகோல் பெட்டிக்குள் வெந்நீர்க் குவளையை வைத்து, சுற்றிலும் பஞ்சை இறுக்கி அடைத்தேன். ஆயினும் நீர் விரைவில் ஆறிவிடுகிறது. காரணம் என்ன?

பதில்: ‘இறுக்கி’ என்று நீங்களே எழுதியிருப்பது ஒரு காரணம். வெப்பத்தைத் தடுப்பது பஞ்சின் இழைகளைவிட, அவற்றினிடையே அசையாமல் சிக்கியிருக்கும் காற்றுதான் என்பதால், அழுத்தி அடைக்க அடைக்க அந்தக் காற்றை நீங்களே வெளியேற்றிவிடுகிறீர்கள். ஆனால், என் சந்தேகமெல்லாம் மூடியின் மீதுதான். பெட்டியைத் திறந்ததும் மூடியின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள்; விரலில் ஈரம் ஒட்டினால் ஆவி தப்புகிறது என்று பொருள். அரை லிட்டர் வெந்நீரிலிருந்து 1 கிராம் ஆவியாகிப் போனாலே, எஞ்சிய நீரின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலாகக் குறைந்துவிடும். அந்த ஆவி பஞ்சை நனைத்தால் நட்டம் இரட்டிப்பாகும், ஏனெனில் நீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே, முதலில் குவளையின் வாயையே இறுக்கமாக மூடி, வெப்பமானி நுழையும் துளையின் இடைவெளியையும் அடையுங்கள். அலுமினியத் தாள் சுற்றுவதானால், அதன் பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் சிறிது காற்றிடைவெளி விடுங்கள். எதையாவது ஒட்டிக்கொண்டிருக்கும் தாள் கதிர்வீச்சைத் திருப்பியனுப்பாது. போட்டி விதிகள் அனுமதித்தால், குவளையை முன்பே வெந்நீரால் கழுவிச் சூடாக்கிக்கொள்ளலாம்.