பாதி முகம் மட்டும் இளமையான கதை

கேள்வி: அக்கா, எனக்கு 64 வயது. தையல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சனிக்கிழமை டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் தோழி வீட்டுக்குப் போயிருந்தேன். கிரீம் விற்கும் பெண் ஒருத்தி அங்கே வந்தாள். என் முகத்தில் வலப்பக்கம் மட்டும் எதையோ தடவி, கால் மணி நேரம் கழித்துக் கண்ணாடியை நீட்டினாள். கண்ணோரச் சுருக்கம் ஒரு பக்கம் இருந்தது, மறுபக்கம் காணோம்! நான்கு டப்பாவை 3,200 ராண்டுக்கு வாங்கி வந்துவிட்டேன். மகள் திட்டுகிறாள். இது வேலை செய்யுமா? திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: திருப்பிக் கொடுப்பதற்கு நாள் கணக்கு இருப்பதால் உங்களுக்கு அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். பணம் வந்துவிட்டது என்று நீங்கள் எழுதியதும் மகிழ்ச்சி. மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே விரித்துச் சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் (2008) 16ஆம் பிரிவு நமக்கு நல்ல துணை. கடைக்கு நாமாகப் போகாமல், விற்பவர் நம்மைத் தேடி வந்தோ, போனிலோ குறுஞ்செய்தியிலோ அழைத்தோ விற்ற பொருளை 5 வேலைநாட்களுக்குள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. சனிக்கிழமை கைக்கு வந்த பொருளுக்கு அடுத்த வெள்ளி வரை நேரம் இருக்கிறது, நடுவில் அரசு விடுமுறை வந்தால் இன்னும் ஒரு வேலைநாள். ஆனால் வாய்ப்பேச்சு போதாது. எழுத்தில் பதிவாக வேண்டும், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி. டப்பாவைத் திருப்பி அனுப்பும் செலவு நம்முடையது. பிரித்துப் பயன்படுத்தியிருந்தால் அதற்கு ஈடாக ஒரு தொகையை அவர்கள் கழித்துக்கொள்ளக் கேட்கலாம், ஆகவே முடிவெடுக்கும் வரை மூடியைத் திறக்காதீர்கள். இப்படி ஓர் உரிமை இருக்கிறது என்பதை விற்கும்போதே சொல்லவேண்டியது விற்பவரின் கடமை. அந்தப் பெண் சொன்னாளா என்று கேட்டேன். "மூச்சே விடவில்லை" என்று எழுதியிருந்தீர்கள்.

நாமே கடைக்குப் போய் வாங்கியதற்கு இந்தச் சலுகை கிடையாது. மனம் மாறியதற்காகக் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவேண்டியதில்லை. பொருளில் குறை இருந்தால்தான் 6 மாதத்துக்குள் பழுது நீக்கம், மாற்றுப் பொருள், பணம் ஆகிய மூன்றில் ஒன்றை நாம் கேட்கலாம். இணையத்தில் வாங்கியதற்கு வேறொரு சட்டம், 7 நாள் அவகாசம்.

இனி அந்தக் கண்ணாடி வித்தை. இத்தகைய உடனடிக் கிரீம்களில் சோடியம் சிலிகேட் போன்ற ஒன்று இருக்கும். அது காயும்போது முட்டை வெள்ளைக்கரு காய்வதைப்போல மெல்லிய படலமாகித் தோலை இழுத்துப் பிடிக்கிறது. முகம் கழுவினால் படலம் போய்விடும், சுருக்கம் திரும்பிவிடும். சிரித்தால் வெள்ளைப் பொருக்காக உதிர்வதும் உண்டு. பாதி முகத்தில் மட்டும் தடவுவது சாமர்த்தியம். மறுபாதியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோக எந்தப் பெண்ணுக்கும் மனம் வராது!

மருந்துக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் 31 ஆண்டு நின்றவள் நான். டப்பாவின் முன்பக்கத்தை நான் படிப்பதே இல்லை. பின்பக்கம் சேர்மானப் பட்டியலை அளவு அதிகமானதிலிருந்து குறைந்ததை நோக்கி வரிசையாகப் போட்டிருப்பார்கள். அதில் ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பெயரைத் தேடுங்கள். கிரீம் கெடாமல் காக்கும் பொருள் அது, பொதுவாக நூற்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்ப்பதில்லை. அதற்குக் கீழே வருகிறவையும் பொதுவாக நூற்றில் ஒரு பங்கைத் தாண்டாத சொற்பம்தான். நீங்கள் அனுப்பிய படத்தில் தங்கத்தூள், முத்துச்சாறு, கொலாஜன் மூன்றும் அதற்குக் கீழேதான் இருந்தன. மேலே இருந்தவை தண்ணீர், கிளிசரின், மெழுகு. கிளிசரின் நல்ல பொருள்தான், வறண்ட தோலில் நீரைப் பிடித்துவைத்து மெல்லிய கோடுகளை மங்கச் செய்யும். அதற்கு 3,200 ராண்ட் தேவையில்லை.

பலன் தருவதாக உறுதியாகத் தெரிந்தவை இரண்டே வகை. ஒன்று வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினால், மருத்துவர் சீட்டுடன் வாங்குவதென்றால் டிரெட்டினாயின். இரவில் மட்டும், பட்டாணி அளவு. முதல் சில வாரம் தோல் உரிந்து எரிச்சல் தரும், பலன் தெரியக் குறைந்தது மூன்று மாதம் ஆகும். காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டுவிடும் என்பதால் வாய் அகன்ற கண்ணாடி டப்பாவில் இருந்தால் வாங்காதீர்கள், டியூப் நல்லது.

மற்றொன்று சன்ஸ்கிரீன். முகச் சுருக்கத்திலும் கரும்புள்ளியிலும் பெரும்பங்கு வயதினால் வருவதல்ல, டர்பன் வெயிலினால் வருவது. கருத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். புற்றுநோய் ஆபத்து குறைவு என்பது உண்மை, ஆனால் புள்ளியும் திட்டும் நமக்குத்தான் பளிச்சென்று தெரியும். என் கணவர் 26 ஆண்டு பஸ் ஓட்டியவர். ஓட்டுநர் இருக்கை இங்கே வலப்பக்கம். அவருடைய வலக் கன்னமும் வலக் கையும் இடப்பக்கத்தைவிடப் பத்து வயது மூத்தவை. ஜன்னல் கண்ணாடி தோலைச் சுடும் யூவிபி கதிரைத் தடுக்கிறது, தோலை முதிரவைக்கும் யூவிஏ கதிரைப் பெருமளவு விட்டுவிடுகிறது. அதனால் இரண்டையும் தடுப்பதாகப் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு எண்) 30 அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அரைத் தேக்கரண்டி. வெளியில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். காவடி நாளில் பிப்ரவரி வெயிலில் தேருக்குப் பின்னால் நடக்கிறவர்கள் குடையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மனைவிக்கு 58 வயது. கன்னத்தில் மங்கு. சந்தையில் பெயரில்லாத வெள்ளை டியூப் ஒன்றை வாங்கித் தடவினாள். இரண்டு வாரம் முகம் பளபளவென்று பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. இப்போது சிவந்து, நரம்பு தெரிந்து, மங்கு முன்பைவிடக் கறுத்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் தடவினால் சரியாகும் என்கிறார் விற்றவர். — டோங்காட் வாசகர்

பதில்: விற்றவர் பேச்சைக் கேட்காதீர்கள், ஐயா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதில் வீரியமான ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் வெளுப்பு, பிறகு தோல் மெலிந்து சிவப்பு. பல வாரம் தடவியதைத் திடீரென்று நிறுத்தினாலும் முகம் பொங்கிவிடும். இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், டியூபையும் கையோடு கொண்டுபோங்கள், வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம்.

இந்நாட்டுக்கு இது பழைய காயம். ஹைட்ரோகுயினோன் சேர்த்த வெளுப்புக் கிரீம்கள் இங்கே கொடிகட்டிப் பறந்தன. பல பெண்களின் கன்னத்தில் ஆறாத நீலக் கறுப்புத் திட்டு விழுந்த பிறகு, 1990இல் அழகுப் பொருட்களில் அதைத் தடை செய்தார்கள். தடை இருந்தும் திருட்டுத்தனமாக வருகிறது. சிலவற்றில் பாதரசமும் உண்டு, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரே துண்டைப் பயன்படுத்தும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆபத்து. "தங்கம், வெள்ளி நகையில் படாமல் தடவவும்" என்று ஒரு கிரீமில் எழுதியிருந்தால் பாதரசம் என்று சந்தேகியுங்கள். தாலியில் படக்கூடாதது கன்னத்தில் மட்டும் எப்படிப் படலாம்?

இன்னொன்றும் பாருங்கள். நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் வெளுத்திருந்தால் அது ஸ்டிக்கர் பொட்டின் பசையால் இருக்கலாம். குங்குமத்துக்கு மாறிவிட்டு, அதையும் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 61. ஓய்வூதியர் தள்ளுபடி நாளில் காசாளர் நம்பாமல் அடையாள அட்டையைக் கேட்டாள். வரிசையில் எல்லோரும் பார்த்தார்கள். கேட்க உரிமை உண்டா? — வெருலம் வாசகி

பதில்: உண்டு. அரசின் முதியோர் உதவித்தொகைக்கு 60 வயது என்பது சட்டம். கடைத் தள்ளுபடியோ கடைக்காரர் தாமாகத் தருவது, நிபந்தனையும் அவருடையதே. அடையாள எண்ணின் முதல் 6 இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அதைக் காட்டினால் பேச்சு முடிந்தது. பழைய பச்சை அடையாளப் புத்தகத்தை நீட்டாதீர்கள், அதிலிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுவாள்.

அது சரி, என்ன கிரீம் தடவுகிறீர்கள் என்று அந்தக் காசாளர் கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்களே!