எலிக்கு ஏர் ரைபிள்: பாயிண்ட் 177-ஆ, பாயிண்ட் 22-ஆ?

கேள்வி: நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். தீவனக் கிடங்கில் எலியும் பெருச்சாளியும் பெருகிவிட்டன. விஷம் வைத்தால் தீவனத்தில் கலந்துவிடுமோ என்று அச்சமாக இருப்பதால் ஏர் ரைபிள் வாங்க நினைக்கிறேன். இங்கிலாந்தில் இருக்கும் என் மைத்துனர் .22 தான் எலிக்கு ஏற்றது என்கிறார். கடைக்காரரோ .177 மட்டும்தான் தர முடியும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: கடைக்காரர் சொல்வதைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் .177 அங்குலத்தை, அதாவது 4.5 மில்லிமீட்டரை மிஞ்சாமலும், குழல் முனையில் குண்டின் ஆற்றல் 20 ஜூல் (ஆற்றலின் அலகு) அளவைத் தாண்டாமலும் இருக்கும் காற்றுத் துப்பாக்கியை மட்டுமே உரிமம் இல்லாமல் வாங்க முடியும். இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே பொருந்த வேண்டும். ஆகவே ஒரு .22 துப்பாக்கி எவ்வளவு மெல்ல அடித்தாலும், அதன் விட்டம் 5.5 மில்லிமீட்டர் என்ற ஒரே காரணத்தால் அதற்கு உரிமம் வேண்டும்.

உங்கள் மைத்துனர் சொல்வதும் அவர் இருக்கும் ஊருக்குச் சரிதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் விட்டத்தைப் பார்ப்பதில்லை. ஆற்றலை மட்டுமே பார்க்கிறது. அங்கே ரைபிளுக்கு வரம்பு 12 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16.3 ஜூல். அந்த வரம்புக்குள் .177, .22, .25 என்று எதை வேண்டுமானாலும் 18 வயது நிரம்பியவர் துப்பாக்கிச் சான்றிதழ் இல்லாமல் வாங்கலாம். (ஸ்காட்லாந்தில் 2016ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து சான்றிதழ் கட்டாயம்.) அதனால்தான் அங்கே விவசாயிகளிடையே காலிபர், அதாவது குழல் விட்டம் பற்றிய வாதம் ஓய்வதே இல்லை.

அந்த வாதத்தின் சாரத்தைத் தெரிந்துகொள்வது உங்களுக்கும் பயன்படும். ஆற்றல் ஒன்றாக இருக்கும்போது, எடை குறைந்த குண்டு வேகமாகவும் எடை கூடிய குண்டு மெதுவாகவும் செல்லும். 16.3 ஜூலில் சுமார் 0.55 கிராம் எடையுள்ள .177 குண்டு வினாடிக்கு 244 மீட்டர் வேகத்திலும், சுமார் 1.03 கிராம் எடையுள்ள .22 குண்டு 178 மீட்டர் வேகத்திலும் புறப்படும். 25 மீட்டர் தூரத்தை அடைவதற்குள் முதலாவது ஏறத்தாழ 6 செ.மீ., இரண்டாவது ஏறத்தாழ 11 செ.மீ. தாழ்ந்துவிடும். எனவே தூரத்தைக் கொஞ்சம் தவறாகக் கணித்தாலும் .177 பொறுத்துக்கொள்ளும்; .22 அந்த அளவுக்குப் பொறுத்துக்கொள்ளாது. மறுபுறம், .22 குண்டின் குறுக்குப் பரப்பு .177-ஐப் போல ஒன்றரை மடங்கு. குறி சற்று விலகினாலும் அது ஏற்படுத்தும் காயம் பெரிது. கிட்டத்திலிருந்து எலி சுடுபவர்கள் .22-ஐ விரும்புவதற்கு இதுவே காரணம்.

உங்கள் கிடங்கில் சுடும் தூரம் பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டப் போவதில்லை. அந்தத் தூரத்தில், நல்ல நிலையில் உள்ள .177 துப்பாக்கியின் குண்டு தலையில் சரியாகப் பட்டால் பெருச்சாளியும் அந்த இடத்திலேயே விழும், உடலில் பட்டால் .22 ஆனாலும் அது பொந்துக்குள் ஓடிப்போய்த் துடித்துத்தான் சாகும். ஆகவே கவலைப்பட வேண்டியது விட்டத்தைப் பற்றியல்ல, குறியைப் பற்றி. ஓர் அட்டையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வட்டம் வரைந்துகொள்ளுங்கள். எந்தத் தூரத்திலிருந்து சுட்டால் ஐந்து குண்டுகளும் அந்த வட்டத்துக்குள் விழுகின்றனவோ, அதுவே உங்கள் எல்லை. அதற்கு அப்பால் இருக்கும் எலியைச் சுடாதீர்கள்.

ஆனால் முட்டைப் பண்ணை என்பதால் உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. விஷம் தீவனத்தில் கலக்குமோ என்று அஞ்சும் நீங்கள், ஈயம் கலப்பதைப் பற்றியும் அதே அளவு அஞ்ச வேண்டும். சிமெண்ட் தரையிலோ இரும்புத் தூணிலோ மோதும் குண்டு நசுங்கிச் சிதறும். கோழி சிறு கற்களைப் பொறுக்கித் தின்னும் பறவையாதலால் அந்தத் துணுக்குகளையும் விழுங்கிவிடும். இரைப்பையில் அரைபடும் ஈயம் இரத்தத்தில் கலந்து முட்டைக்கும் போய்ச் சேரும். ஆகவே கோழிகள் இருக்கும் கொட்டகைக்குள் சுடவே கூடாது. கிடங்கிலும், திறந்து கிடக்கும் தீவனத்தின் அருகில் சுடக் கூடாது. எலி வரும் வழியைக் கவனித்து, அதன் பின்னால் மணல் நிரப்பிய சாக்குகளை அடுக்கி, குண்டு அதில் புதையும்படி ஒரே திசையில் மட்டும் சுடுங்கள்.

துப்பாக்கி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவையும் உண்டு. தீவன மூட்டைகளைச் சுவரிலிருந்து தள்ளி மரப் பலகைகளின் மேல் ஏற்றுங்கள். கதவின் அடியிலும் குழாய் நுழையும் இடங்களிலும் உள்ள இடைவெளிகளைக் கம்பி வலையும் சிமெண்டும் கொண்டு அடையுங்கள். கிட்டியும் கூண்டுப் பொறியும் வையுங்கள். புரோமடியோலோன் என்ற எலி விஷக் கட்டிகளைப் பூட்டக்கூடிய பெட்டிக்குள் வைத்துக் கிடங்கின் வெளிப்புறச் சுவரோரம் வைத்தால் தீவனத்தில் கலக்காது. ஓர் இணை எலி பெருகும் வேகத்துக்கு, ஒவ்வொன்றாகச் சுடுபவரால் ஈடுகொடுக்க முடியாது. இவற்றுக்கெல்லாம் தப்பி எஞ்சுகின்ற ஓரிரு கிழட்டுப் பெருச்சாளிகளுக்குத்தான் ஏர் ரைபிள் பயன்படும். அந்த அளவுக்கு மட்டும் எதிர்பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: .177-லேயே வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். ஸ்பிரிங் மாடலா, பிசிபி மாடலா? ஒரு பெட்டியில் ‘1000 எஃப்பிஎஸ்’ (வினாடிக்கு 1000 அடி) என்று போட்டிருக்கிறது. வேகம் கூடினால் நல்லதுதானே?

பதில்: பெட்டியில் அச்சிட்ட வேகத்தை நம்பி விலை கொடுக்காதீர்கள். அந்த எண் பெரும்பாலும் மிக லேசான கலப்பு உலோகக் குண்டை வைத்துக் கணக்கிட்டதாக இருக்கும். 0.36 கிராம் குண்டு வினாடிக்கு 1000 அடி வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 17 ஜூலுக்கும் சற்றுக் குறைவு. அதே துப்பாக்கியில் 0.55 கிராம் ஈயக் குண்டைப் போட்டால் வேகம் 800 அடி அளவுக்கு இறங்கிவிடும். கடையில் கேட்க வேண்டியது, எத்தனை கிராம் குண்டுக்கு எத்தனை ஜூல் என்பதைத்தான். ரசீதிலும் காலிபர், ஆற்றல், துப்பாக்கியின் வரிசை எண் மூன்றையும் எழுதி வாங்குங்கள். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். நாளை யாராவது கேள்வி கேட்டால் அந்த ரசீதுதான் உங்களுக்குத் துணை.

ஸ்பிரிங் துப்பாக்கியில் குழலை மடக்கினால் சுருள்வில் இறுகும். வேறெந்தத் துணைக்கருவியும் வேண்டாம், பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் விசையை அழுத்தியவுடன் உள்ளிருக்கும் உலக்கை (பிஸ்டன்) முன்னே பாய்வதால் துப்பாக்கி பின்னும் முன்னுமாக உதறும்; இறுக்கிப் பிடித்தால் குறி தவறும், தளர்வாகப் பிடித்துப் பழக வேண்டும். பிசிபி-யில் 200 பார் அளவில் காற்றை முன்கூட்டியே அடைத்து வைப்பதால் உதறல் இல்லை, புதியவரும் விரைவில் குறி பழகலாம். ஆனால் விலை பல மடங்கு, கைப்பம்போ சிலிண்டரோ தனியாக வேண்டும், காற்றுக் கசிந்தால் ரப்பர் வளையம் மாற்றிக் கொடுக்க ஆள் தேட வேண்டும். கிடங்கு எலிக்கு மட்டும் என்றால் நடுத்தர விலையில் ஒரு நல்ல ஸ்பிரிங் மாடலே போதும் என்பது என் கருத்து. மிச்சமாகும் பணத்தை நல்ல குண்டுகளுக்கும் பயிற்சிக்கும் செலவிடுங்கள்.

ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்குவதாக இருந்தால், ஸ்பிரிங் உதறலைத் தாங்கும் ஏர் ரைபிள் ஸ்கோப் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ஸ்கோப்பின் உள்ளுறுப்புகள் அந்த இருபக்க அதிர்வில் கழன்றுவிடும். இன்னொன்று: ஸ்கோப் குழலுக்கு நாலைந்து செ.மீ. மேலே இருக்கிறது. 25 மீட்டருக்குக் குறி சரிசெய்த துப்பாக்கியால் 10 மீட்டரில் சுட்டால் குண்டு ஒரு செ.மீ.க்கு மேல் தாழ்ந்தே படும். எலியின் தலைக்கு அந்த ஒரு செ.மீ. மிகவும் அதிகம். நீங்கள் உண்மையில் எந்தத் தூரத்தில் சுடப் போகிறீர்களோ, அந்தத் தூரத்தில்தான் குறியைச் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: குண்டுகளில் கூர்முனை, தட்டைமுனை, உருண்டைமுனை என்று பல வகை இருக்கின்றன. விலை குறைந்தது வாங்கினால் என்ன?

பதில்: உருண்டைமுனைக் குண்டில் தொடங்குங்கள், பெரும்பாலான குழல்களுக்கு அதுவே ஒத்துப்போகும். கூர்முனை ஆழமாகத் துளைத்து மறுபக்கம் வெளியேறும் வாய்ப்பு அதிகம் என்பதால் கிடங்குக்கு அது வேண்டாம். தட்டைமுனை பத்து மீட்டருக்குள் நன்றாக வேலை செய்யும்.

டப்பாவைத் திறந்து சில குண்டுகளை வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். குண்டின் பின்பகுதி சிறு பாவாடைபோல விரிந்திருக்கும். அந்த விளிம்பு வட்டமாக, நெளியாமல் இருக்க வேண்டும். மலிவான டப்பாவில் பல குண்டுகளின் விளிம்பு ஒரு பக்கம் மடங்கியிருக்கும். ஈயத் தூளும் தாளில் கொட்டும். பிறகு ஒரு குண்டைக் குழலின் பின்வாயில் வைத்துக் கட்டை விரலால் அழுத்துங்கள். லேசான இறுக்கத்துடன் உள்ளே போய் நின்றால் சரி. தொளதொளவென்று விழுந்தாலும், பலங்கொண்டு திணிக்க வேண்டியிருந்தாலும் அந்தக் குண்டு அந்தக் குழலுக்கு ஆகாது. இரண்டு மூன்று வகைகளில் ஒவ்வொரு டப்பா வாங்கி நாணய வட்டத்தில் சோதித்து, எது நெருக்கமாக விழுகிறதோ அதையே தொடர்ந்து வாங்குங்கள். கையாண்ட பின் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குண்டை வாயில் கவ்விக்கொள்ளும் பழக்கம் அறவே கூடாது.

கேள்வி: கிருஷ்ணகிரி அருகே மாந்தோப்பு இருக்கிறது. மயில், கிளி, குரங்கு, வௌவால் எல்லாம் வந்து காயை அழிக்கின்றன. இவற்றில் எதற்கு எந்த அளவுத் துப்பாக்கி என்று சொல்லுங்கள். காகமும் வௌவாலும் சட்டத்தில் இல்லை, சுடலாம் என்கிறார்களே?

பதில்: இவற்றில் எதற்குமே எந்த அளவுத் துப்பாக்கியையும் நான் சொல்ல மாட்டேன். உங்கள் நஷ்டம் உண்மையானது என்பதை அறிவேன். ஆனால் அதற்காகத் துப்பாக்கி எடுத்தால் தோப்பையும் நிம்மதியையும் சேர்த்து இழக்க நேரும்.

மயில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் மூன்று ஆண்டுகள் முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. கிளியும் பாதுகாக்கப்பட்ட பறவையே. காகம், பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி ஆகியவற்றைத் தீங்குயிர்கள் என்று பட்டியலிட்டிருந்த ஐந்தாம் அட்டவணையை 2022ஆம் ஆண்டின் திருத்தம் முழுவதுமாக நீக்கிவிட்டது. உங்களிடம் சொன்னவர்கள் பழைய சட்டத்தைச் சொல்கிறார்கள். இதன் காரணமாகவே, முதல் கேள்வி கேட்டவர் உட்பட எலிக்காகத் துப்பாக்கி வாங்க நினைப்பவர்களும் சுடலாமா என்று வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டு வாங்குவது நல்லது. குரங்கைப் பொறுத்தவரை, இந்த ஆற்றலில் அடிக்கும் குண்டு அதைக் கொல்லாது. கண்ணைக் குருடாக்கும், தாடையை உடைக்கும், சீழ்பிடித்து நாள்கணக்கில் சாகவிடும். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை; எந்த உயிருக்கும் செய்யத் தகாத செயல் அது.

அருணாச்சலப் பிரதேசத்தில் வீட்டுக்கு வீடு ஏர் கன் இருந்த ஊர்களில் பறவைகள் அருகிப்போனதைக் கண்டு, 2021 மார்ச் மாதத்தில் துப்பாக்கிகளை ஒப்படைக்கும் இயக்கத்தை மாநில அரசே தொடங்கியது; மக்களும் தாமாக முன்வந்து ஒப்படைத்தார்கள். சிறிய காலிபர், சிறிய பாதிப்பு என்று யாரும் எண்ண வேண்டாம்.

மாந்தோப்புக்குச் செய்யக் கூடியவை: விலை உயர்ந்த இரகங்களுக்குக் காய் முட்டையளவு வந்தவுடன் காகித உறை போடுவது, மரங்களைக் கவாத்து செய்து உயரம் குறைத்து, பறவை சிக்கி இறக்காதபடி இழுத்துக் கட்டிய வலையால் மூடுவது, குரங்குக்குச் சூரிய மின்வேலி, ஆள் காவல். நஷ்டம் பெரிதானால் வனத்துறையிடம் எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

கேள்வி: காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று அரசே சொல்லிவிட்டதாமே? .22 ஏர் ரைபிளுக்கு உரிமம் வாங்கினால் போதுமா?

பதில்: போதாது. தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முடிவின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுடலாம் என்று அதில் இல்லை. மேலும் கடினமான தோலும் கொழுப்பும் உள்ள பன்றியை ஏர் ரைபிளால் காயப்படுத்த மட்டுமே முடியும். காயம்பட்ட பன்றி மறுநாள் வரப்பில் எதிரே வருபவரைக் கிழித்துவிடும்.

கேள்வி: இணையத்தில் ஒருவர் ‘.22 பிசிபி, உரிமம் தேவையில்லை, விளையாட்டுக்கு என்று பில் போட்டுத் தருகிறேன்’ என்கிறார். பாதிப் பணம் முன்பணமாகக் கேட்கிறார். வாங்கலாமா? இல்லையென்றால் .177-ஐயே வாங்கிப் பெரிய ஸ்பிரிங் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பில்லில் என்ன எழுதினாலும் .22-இன் விட்டம் மாறாது; உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பவர் நீங்கள்தான், விற்றவர் அல்லர். ஸ்பிரிங்கை மாற்றி 20 ஜூல் அளவைத் தாண்டவைத்தாலும் அதே நிலைதான். தயாரிப்பாளரின் உத்தரவாதமும் போய்விடும். வெளிநாட்டிலிருந்து உறவினர் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவதையும் நினைக்காதீர்கள். இறக்குமதி அனுமதி இல்லாவிட்டால் சுங்கத்தில் பிடிபடும். முன்பணம் ஏற்கெனவே அனுப்பிவிட்டு விற்பவர் பேச்சை நிறுத்திவிட்டார் என்றால், தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்து, பரிவர்த்தனை எண்ணைச் சொல்லிப் புகாரைப் பதிவு செய்யுங்கள். முறையான கடையில் வாங்கிய .177 பழுதாக இருந்து மாற்றித் தர மறுத்தால், ரசீதுடன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.