மரத்தரைக்கு அடியில் தங்கிய நாற்றம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஃபிளாட்டில் 10க்கு 12 அடி படுக்கையறையில் லேமினேட் மரத்தரை போட்டிருக்கிறோம். ஒரு மூலையில் நாய் பல மாதங்களாகச் சிறுநீர் கழித்துவிட்டது. எவ்வளவு துடைத்தாலும் மழை நாளில் வாடை தாங்க முடியவில்லை. அடியில் உள்ள ஃபோமை மட்டும் மாற்றினால் சரியாகிவிடுமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: ஆகாது. பலகை இடுக்கில் இறங்கிய சிறுநீரை ஃபோம் முழுவதுமாக உறிஞ்சிக்கொள்வதில்லை. அதன் மேலேயே ஓடி, ஃபோமின் இணைப்பு வழியாகக் கீழே இறங்கிவிடும். அங்கே அது சீக்கிரம் காயாது. காய்ந்த பிறகும் யூரிக் அமில உப்பு தரையில் படிந்திருக்கும். அது தண்ணீரில் எளிதில் கரையாது. காற்றில் ஈரம் ஏறும்போது மறுபடி நாறும். மழைக்காலத்தில் வாடை கூடுவது இதனால்தான்.

முதலில் சுவரோர ஸ்கர்ட்டிங்கைக் கழற்றுங்கள். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஸ்கர்ட்டிங் என்றால் அடி விளிம்பு ஊறியிருக்கும், அதைத் திரும்பப் போடாதீர்கள். பிறகு அந்த மூலைக்கு அருகிலுள்ள சுவரோரத்திலிருந்து பலகைகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துத் தூக்கினால் பூட்டு கழன்று வரும். நல்ல பலகைகளின் பின்புறம் மார்க்கரால் எண் போட்டு வையுங்கள். விளிம்பு உப்பியவை பழைய நிலைக்குத் திரும்பாது, அவற்றைக் கழித்துவிடுங்கள். ஃபோமையும் பாலிதீன் ஷீட்டையும் கட்டரால் 2 அடி அகலப் பட்டைகளாக அறுத்து, ஈரப்பக்கம் உள்ளே இருக்கும்படி சுருட்டி, அங்கேயே பையில் கட்டிவிடுங்கள். கறை முடியும் இடத்தோடு நிறுத்தாமல் இன்னும் ஓர் அடி தள்ளி அறுக்க வேண்டும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு யூவி டார்ச் அடித்துப் பாருங்கள். சிறுநீர் பட்ட இடம் மங்கிய மஞ்சளாகத் தெரியும். பலரும் கோட்டை விடுவது சுவரின் அடிப்பகுதிப் பூச்சைத்தான். அதிலும் டார்ச் அடியுங்கள்.

அடியில் சிமென்ட் தரையானால், சோப்புத் தண்ணீரில் தேய்த்து நன்றாக அலசி, செல்லப்பிராணிகளுக்கான என்சைம் கிளீனரை (சிறுநீர்க் கழிவைச் சிதைக்கும் திரவம்) தாராளமாக ஊற்றுங்கள். ஸ்பிரே செய்தால் போதாது. சிறுநீர் இறங்கிய ஆழத்துக்கு இதுவும் இறங்க வேண்டும். ஈரமாக இருக்கும்வரைதான் என்சைம் வேலை செய்யும், எனவே பாலிதீன் போட்டு இரவு முழுக்க மூடிவையுங்கள். பிறகு ஃபேன் வைத்து இரண்டு மூன்று நாள் காய விடுங்கள். காய்ந்ததும் கொஞ்சம் வெந்நீர் தெளித்து முகர்ந்து பாருங்கள். வாடை எழுந்தால் இன்னொரு முறை செய்யுங்கள்.

பல ஃபிளாட்களில் பழைய டைல்ஸ் மேலேயே மரத்தரையைப் போட்டுவிடுகிறார்கள். உங்களுடையதும் அப்படியென்றால் நாற்றம் இருப்பது டைல்ஸ் இடுக்கில். அந்த இடுக்கை நிரப்பியிருக்கும் பழைய கிரவுட்டைச் சுரண்டி எடுத்து, என்சைம் ஊற்றிக் காயவைத்து, எபாக்ஸி (நீர் புகாத பிசின்) கிரவுட் நிரப்புங்கள்.

கேள்வி: ஆசிட்டோ பிளீச்சிங் பவுடரோ போட்டுக் கழுவினால் சீக்கிரம் போகாதா?

பதில்: இரண்டும் வேண்டாம். சிறுநீரில் உள்ள அம்மோனியாவுடன் பிளீச்சிங் சேர்ந்தால் குளோரமைன் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். ஆசிட்டும் பிளீச்சிங்கும் கலந்தால் குளோரின் வாயுவே வரும். ஆசிட் சிமென்ட் தரையை அரித்து இன்னும் துளைகளாக்கும். பினாயில் வாடையை மறைக்குமே தவிரப் போக்காது. அதற்கு மேல் ஊற்றும் என்சைமையும் கெடுக்கலாம்.

கேள்வி: புது ஃபோமை எப்போது விரிக்கலாம்?

பதில்: ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் துண்டை நான்கு பக்கமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர்த்துளி நின்றாலோ சிமென்ட் கறுத்திருந்தாலோ இன்னும் ஈரம் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த பிறகும் லேசாக வாடை மிஞ்சினால் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட் அடியுங்கள். ஈரத் தரையில் அடித்தால் அது உரிந்து வந்துவிடும். பிறகு பாலிதீன் ஷீட்டை 8 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து டேப் ஒட்டி, அதன் மேல் ஃபோம் போடுங்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவே 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட வேண்டும்.