நூலகத்தில் ‘உதிரி அச்சு’ என்கிறார்களே, அது என்ன? செட்டிநாட்டின் விநோத வரலாறு அதில் கிடைக்குமா?

கிடைக்கும். ஒரு நாள் தேவைக்காக அச்சடித்து, மறுநாள் தூக்கிப்போடும் தாள்கள்தான் உதிரி அச்சு: நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடை விளம்பரம். வீட்டுப் பத்திரம் பெட்டியில் பத்திரமாக இருக்கும். ஆனால் ஒரு மாதம் என்ன சமைத்தோம் என்பது மளிகைச் சீட்டுக்குத்தான் தெரியும். புத்தகம் எழுதுபவர் முக்கியமானதை மட்டும் எழுதுவார். நாடக டிக்கெட் விலையை யார் எழுதுவார்?

யாராவது சேர்த்து வைத்தால்தான் இவை மிஞ்சும். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த, விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா செட்டியார் அப்படிச் சேர்த்தவர். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994 முதல் அது அவர் பெயரிலேயே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. (ஊரைவிட்டுப் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் கரையானுக்குத் தப்பியது.)

நோட்டீஸ் கையில் கிடைத்தால் முதலில் அடியில் உள்ள பொடி எழுத்தைப் பாருங்கள். அச்சகத்தின் பெயரும் ஊரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். 1867-ஆம் ஆண்டு அச்சுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. அந்த அச்சகம் எப்போது இயங்கியது என்று தெரிந்தால், தேதி இல்லாத தாளின் காலத்தை ஊகிக்க இது நல்ல பிடி.

அச்சில் இருப்பதெல்லாம் நடந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நாடக நோட்டீஸ் இருந்தால் நாடகம் அறிவிக்கப்பட்டது என்றுதான் பொருள், மேடையேறியதா என்பதற்கு வேறு சான்று வேண்டும்.