கேளுங்க டாக்டர்: "மேல எலும்பே இல்லைம்மா"ன்னு சொல்லிட்டாங்க

கேள்வி: எனக்கு 61 வயசு, ரிட்டயர்டு டீச்சர். மேல்வரிசைப் பல்லு எல்லாம் போயி 12 வருஷம் ஆச்சு, பல் செட்தான் போடறேன். இப்ப அது நிக்கவே மாட்டேங்குது. அக்கா பேத்தி வளைகாப்புல சிரிச்சப்ப கழண்டு நாக்கு மேல விழுந்துடுச்சு, அதுலேருந்து விசேஷங்களுக்குப் போறதையே குறைச்சுட்டேன். எலும்புல ஸ்க்ரூ முறுக்கி அதுமேல பல்லு மாட்டுவாங்களாமே, அந்த இம்ப்ளான்ட் வைக்கலாம்னு போனா ஒரு டாக்டர் மேல எலும்பே இல்ல, வைக்க முடியாதுங்கறார். இன்னொரு இடத்துல கன்னத்து எலும்புல ஸ்க்ரூ போட்டு மூணே நாள்ல பல்லு வச்சுடலாம்ங்கறாங்க. கன்னத்துலயா? கண்ணுக்கு ஏதாவது ஆயிடுமோ? யாரை நம்பறது?
(பெயர் வேண்டாம், கும்பகோணம்)

பதில்: ரெண்டு பேர் சொன்னதுலயும் பாதி உண்மை இருக்கும்மா. பல்லு இருக்கற வரைக்கும்தான் அந்த எலும்புக்கு வேலை, பல்லு போயிட்டா உடம்பே அதை மெல்ல மெல்லக் கரைச்சுடும், மேல பல் செட் வேற அழுத்திக்கிட்டே இருக்கு. மேல்தாடையில இன்னொரு சிக்கல், கடவாய்ப்பல்லுக்கு நேர் மேல சைனஸ்ங்கற காத்தறை இருக்கு, பல்லை எடுத்ததும் அது கீழ இறங்கி விரியும். காவிரிக்கும் வாய்க்காலுக்கும் நடுவுல இருக்கற கரை மாதிரி ரெண்டு பக்கமும் அரிக்குது. சாதாரண இம்ப்ளான்ட் சுமாரா 10 மில்லிமீட்டர் நீளம். சில பேர் ஸ்கேன்ல சைனஸுக்குக் கீழ முட்டை ஓடு மாதிரி ஒரு கோடுதான் தெரியும், அங்க எதை வச்சு முறுக்கறது? முதல் டாக்டர் சொன்னது இதைத்தான்.

ஆனா "அந்த இடத்துல இல்ல"ங்கறதும் "எங்கயுமே இல்ல"ங்கறதும் வேற வேற. சைனஸ் சவ்வை மேல தூக்கிட்டு அடியில எலும்புப் பவுடர் நிரப்பற ஆபரேஷன் இருக்கு, ரொம்ப வருஷமா செய்யறதுதான், ஆனா அது இறுகறதுக்கே ஆறு மாசம், சில சமயம் அதுக்கு மேலயும் ஆகும். (பவுடர் பல நேரம் மாட்டு எலும்புலேருந்து எடுத்தது, மனசு ஒப்பாதவங்க முன்னாடியே கேட்டுக்கோங்க.) முன்பக்கம் எலும்பு மிச்சம் இருந்தா பின்னாடி ஸ்க்ரூவை சாய்ச்சு வச்சு நாலுலயே முழு வரிசையையும் தாங்க வைக்கலாம், போர்ச்சுகல் டாக்டர் பாலோ மாலோ பிரபலமாக்கின முறை அது. முன்னாடியும் இல்லைன்னாதான் கன்னத்து எலும்பு.

இது புதுசா யாரோ கண்டுபிடிச்ச வித்தைன்னு நினைக்காதீங்க. டைட்டானியம் எலும்போட ஒட்டிக்கும்னு 1950கள்ல முயல் எலும்புல கண்டுபிடிச்சு, 1965ல முதல் மனுஷனுக்குப் பல் இம்ப்ளான்ட் வச்சாரே ஸ்வீடன்காரர் பிரானெமார்க், கன்னத்து எலும்பு முறையும் அவர் ஆரம்பிச்சதுதான். கேன்சர்ல மேல்தாடையையே இழந்தவங்களுக்காக வந்துச்சு. அந்த ஸ்க்ரூ 30 மில்லிமீட்டர்லேருந்து 50க்கு மேலகூட இருக்கும், தாடையில நுழைஞ்சு சைனஸ் வழியாவோ அதை ஒட்டியோ போயி கன்னத்து எலும்புல பிடிக்கும். அந்த எலும்பு கெட்டி, பல்லு போனாலும் கரையாது.

கண்ணைப் பத்தி நீங்க கேட்டது நியாயமான கேள்வி, ஸ்க்ரூ முனை கண்குழிக்குக் கிட்டத்துலதான் போயி நிக்கும், கோணம் தப்பினா கண்ணுக்கே ஆபத்து. அனுபவம் உள்ள கையில அது அரிது. அதைவிட அடிக்கடி வர்ற தொல்லை சைனஸ் இன்ஃபெக்‌ஷன், அது சில வருஷம் கழிச்சுகூட வரலாம், சில பேருக்குக் கன்னம் கொஞ்ச நாள் மரத்தும் போகும். அதனால "நீங்க இதுவரைக்கும் எத்தனை பேருக்கு வச்சிருக்கீங்க, தோத்துப் போனா அடுத்து என்ன?"ன்னு கூச்சப்படாம கேளுங்க. இத்தனை வருஷம் கிளாஸ்ல கேள்வி கேட்டவங்கதானே நீங்க.

மூணு நாள் விஷயம். அந்தப் பல்லு தற்காலிகப் பல்லும்மா, அக்ரிலிக்ங்கற பிளாஸ்டிக். நிரந்தரப் பல்லு பெரும்பாலும் நாலஞ்சு மாசம் கழிச்சுதான். என்கிட்ட வந்த ஒருத்தர் ரெண்டாவது வாரமே தீபாவளி முறுக்கைக் கடிச்சுட்டு உடைஞ்ச துண்டைக் கைக்குட்டையில முடிஞ்சு எடுத்துட்டு வந்தார், நல்லவேளை ஸ்க்ரூ அசையல.

நீங்க எழுதாம விட்ட ஒண்ணு இருக்கு. எலும்புத் தேய்மானத்துக்கு வாராவாரம் மாத்திரையோ, ஆறு மாசத்துக்கோ வருஷத்துக்கோ ஒருதரம் ஊசியோ போடறீங்களா? உங்க வயசுல நிறைய பேர் போடறாங்க, பல் டாக்டர்கிட்ட எதுக்கு இதையெல்லாம்னு சொல்லாம விட்டுடறாங்க. அந்த மருந்துல இருக்கறப்ப தாடையில கை வச்சா சில பேருக்குப் புண் ஆறாம எலும்பே செத்துப் போகும். அதுக்காக நீங்களா ஊசியை நிறுத்திடாதீங்க, ஆறு மாச ஊசியை அப்படி நிறுத்தினா முதுகெலும்பு முறியற அபாயம் இருக்கு. எழுதிக்கொடுத்த டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும்.

இன்னொண்ணு, இப்ப போட்டிருக்கறது 12 வருஷத்துப் பழைய செட்டா? தாடை சுருங்கிடுச்சு, செட் அப்படியே இருக்கு, அப்புறம் எப்படி நிக்கும்? முதல்ல முப்பரிமாண ஸ்கேன் எடுங்க, கூடவே புதுசா ஒரு செட் செஞ்சு பாருங்க. சில பேர் அதோடயே திருப்தியாயிடறாங்க, லட்சக்கணக்குல செலவும் மிச்சம்.

கேள்வி: 2021 கொரோனாவுக்கு அப்புறம் அப்பாவுக்கு கருப்புப் பூஞ்சை வந்து மேல்தாடையில ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. தண்ணி குடிச்சா மூக்கு வழியா வருது. அவருக்கும் கன்னத்து எலும்புல இம்ப்ளான்ட் செய்யலாமா?
(வாசகர், சேலம்)

பதில்: அந்த வருஷம் மே மாசம் தமிழ்நாட்டுல அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்னே அதை அறிவிச்சாங்க, உங்க அப்பா மாதிரி தாடையை இழந்தவங்க நிறைய. செய்யலாம், ஆனா கன்னத்து எலும்பையும் பூஞ்சை தொட்டிருக்கான்னு பார்க்கணும், நோய் முழுசா போயிடுச்சுன்னு ஸ்கேன்ல உறுதியாகணும், சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கணும். அதுவரைக்கும் மூக்குக்கும் வாய்க்கும் நடுவுல இருக்கற ஓட்டையை அடைக்கற மாதிரி ஒரு தட்டு செஞ்சு தருவாங்க, அரசு பல் மருத்துவக் கல்லூரியில கேளுங்க. அது சரியா அமைஞ்சா தண்ணி மூக்குல ஏறாது, பேச்சும் தெளிவாகும். போறப்ப ஆபரேஷன் பண்ணின இடத்துல கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய ஸ்கேன் சிடி எல்லாத்தையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.