சர்வர் மூடினால் துக்கமா?

கேள்வி: என் மகன் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். அவன் ஆடும் ஆன்லைன் கேமின் சர்வரை, அதாவது அதை ஓட்டும் கம்ப்யூட்டரை, அடுத்த மாதம் மூடுகிறார்களாம். சோறு இறங்கவில்லை, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிகிறான். ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு துக்கமா? – வாசகி, குன்னூர்

பதில்: மழைக்குக் கரண்ட் போய் சீரியல் பாதியில் நின்றால் உங்கள் வீட்டில் யார் முகம் தொங்கும் என்று நான் கேட்கப் போவதில்லை, அம்மா. கரண்ட் எப்படியும் வந்துவிடும். கல்லாறு பக்கம் மண் சரிந்து மலை ரயில் நின்றாலும் தண்டவாளத்தைச் சரிசெய்தால் ஓடும். மூடிய சர்வர் அப்படி லேசில் வராது.

2020 செப்டம்பர் 2-ல் பப்ஜி மொபைல் கேமை மத்திய அரசு தடை செய்தது. போனில் ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் அக்டோபர் 30 வரை ஆடினார்கள், அப்புறம் அதுவும் போனது. வகுப்பறைகள் பூட்டிக் கிடந்த கொரோனா காலம் வேறு. பலர் ஃப்ரீ ஃபயர் என்ற இன்னொரு கேமுக்குத் தாவினார்கள். 2022 பிப்ரவரியில் அதற்கும் தடை வந்தது. இதற்கிடையில் 2021 ஜூலையில் பப்ஜியே பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது. கணக்கை ஃபேஸ்புக்கோடு இணைத்திருந்தவர்கள் பழைய சட்டை, துப்பாக்கியையெல்லாம் மூட்டை கட்டி எடுத்துப் போனார்கள். கணக்கை எதோடும் இணைக்காமல் கெஸ்ட் ஐடியில் ஆடியவர்களுக்கு வெறுங்கை. அந்த பிஜிஎம்ஐயும் ஓராண்டில் ஆப் ஸ்டோரிலிருந்து காணாமல் போய், 2023 மே மாதம்தான் திரும்பியது. இத்தனை அலைச்சலிலும் தாக்குப்பிடித்தவர்கள், ஸ்க்வாடில், அதாவது நாலு பேர் அணியில், கூட ஆடியவன் போன் நம்பரை வாங்கி வைத்திருந்தவர்கள். கேம் மாறினாலும் அதே நாலு பேர் ஒன்றாகப் போய் இறங்கினார்கள்.

சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற அமெரிக்க ஆன்லைன் விளையாட்டை 2012 நவம்பர் 30-ல் மூடினார்கள். ரசிகர்களில் சிலர் ரகசியமாகத் தனி சர்வர் நடத்தி வந்தது 2019-ல் அம்பலமானது. 'எங்களிடம் சொல்லாமல் ஆடினீர்களா?' என்று மற்ற ரசிகர்கள் கொதித்ததில் நம் ஊர்ப் பங்காளிச் சண்டை தோற்றது! கடைசியில், ஹோம்கமிங் என்ற ரசிகர் குழு சர்வர் நடத்த 2024 ஜனவரியில் அதை மூடிய நிறுவனமே உரிமம் கொடுத்தது. பதினோரு வருடம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களிடம் போய் 'ஒரு விளையாட்டுக்கா' என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் மகன் காசு போட்டு வாங்கிய ஸ்கின்னுக்காக, அதாவது கேமுக்குள் போடும் அலங்காரத்துக்காக, அழுகிறான் என்றால் எனக்கு இரக்கம் கிடையாது. அது வாடகைச் சொத்து. 'ஓகே' அழுத்துமுன் நிபந்தனைகளைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். யார் படிக்கிறார்கள், நானும் படிப்பதில்லை.

சரி, செய்ய வேண்டியது இது. கூட ஆடுகிறவர்களின் நம்பரை இப்போதே வாங்கச் சொல்லுங்கள். அவன் கட்டிய ஊரோ, ஏறிய லெவலோ, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கட்டும். கடைசி ராத்திரி எல்லோரும் ஒன்றாக உள்ளே போய் விடைபெறுவார்கள், அது ஆட்டக்காரர்களின் வழக்கம். அன்றைக்கு ஒரு நாளாவது ஒன்பது மணிக்கு வைஃபையை அணைக்காதீர்கள். குளிருக்கு ஒரு டீ போட்டுக் கொடுங்கள்.